ஆடிக் குளிரில் வீட்டுக் கோழிகள்: ஹைவெல்ட் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் உள்ள ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்குச் சுமார் 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. லெனேசியா, லாடியம், பெனோனி பக்கத்து ஆக்டன்வில் எங்கும் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஒரே கதைதான்: மத்தியானம் சட்டையோடு நிற்கலாம், விடியற்காலையில் புல் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் போன்ற டர்பன் பகுதிகளில் இந்தத் தொல்லை இல்லை. அங்கிருப்பவர்கள் தண்ணீர், குளிர் பற்றிய பதில்களைத் தாண்டிப் போகலாம். கோழி வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் எழுதியவை. அங்கே குளிர் டிசம்பரில், வெயில் தெற்கே. நமக்கு இரண்டும் தலைகீழ். குளிர் என்று பார்த்தால் நம் மார்கழி ஆடியில்தான் வருகிறது.

கோழி எவ்வளவு குளிர் தாங்கும்?

நாம் நினைப்பதைவிட அதிகம். கோழியின் உடல் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. இறகு முழுதாக வளர்ந்த கோழி பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி போனாலும், உடம்பு காய்ந்திருந்தால், இறகை உப்பிக்கொண்டு பக்கத்துக் கோழியோடு ஒட்டி உட்கார்ந்து இரவை ஓட்டிவிடும். இறகுகளுக்கு இடையில் சிக்கிய காற்றுதான் அதன் போர்வை. ஊதல் காற்று இறகைப் பிரித்தால் போர்வை கலைகிறது. ஈரம் பட்டால் போர்வையே இல்லை. குளிர்காலத்தில் சாகும் கோழிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றது ஈரம், ஊதல், கெட்ட காற்று, காலி இரைப்பை என்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

விலக்கு உண்டு. 6 வாரத்துக்குக் குறைந்த குஞ்சு, இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும் கோழி, நோயாளி, பஞ்சு போன்ற இறகுள்ள சில்க்கி, மொட்டைக் கழுத்துக் கோழி ஆகியவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பொட்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக், ஆஸ்ட்ரலார்ப் போன்ற கோழி இனங்கள் ஹைவெல்ட் குளிருக்குச் சளைக்காதவை.

கூட்டின் வாசல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

வடக்கே. ஜூன் மாதம் ஜோஹன்னஸ்பர்க்கில் உச்சி வெயில் வடக்கு வானத்தில் சுமார் 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்குப் பக்கம் வலை வைத்துத் திறந்துவிட்டால் வெயில் தரை வரை உள்ளே வந்து படுக்கையைக் காயவைக்கும். குளிர்க் காற்றும் மழையும் தென்மேற்கிலிருந்து வருவதால் தெற்கும் மேற்கும் கெட்டியான சுவர். வடக்கத்திக் குறிப்பை நம்பித் தெற்கே திறந்த கூடு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிழலிலேயே கிடக்கும். வாஸ்து பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்; சூரியன் அதைக் கேட்டு நடப்பதில்லை.

குளிருக்காக எல்லா ஓட்டையையும் அடைத்தோம். காலையில் கூட்டின் உள்ளே நனைந்து கிடக்கிறது. மழையே இல்லையே?

மேலேயிருந்து சொட்டியது கோழிகளின் மூச்சுதான். அதிகம் வரும் கேள்வியும், அதிகம் தப்பு நடக்கும் இடமும் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு கோழி குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு 200 முதல் 250 மில்லி வரை குடிக்கும். பத்துக் கோழி என்றால் 2 லிட்டருக்கு மேல். முட்டையில் போவது போக, மிச்சமெல்லாம் எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வருகிறது. மேகமில்லாத ஹைவெல்ட் இரவில் தகரக் கூரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். ஈரமூச்சு மேலே போய் அந்தத் தகரத்தின் அடியில் பட்டவுடன் நீராகிறது. கடுங்குளிரில் அங்கேயே வெள்ளையாக உறைந்தும் நிற்கும். விடிந்து வெயில் பட்டதும் அத்தனையும் சொட்டுச் சொட்டாகக் கோழியின் முதுகிலும் கொண்டையிலும் விழுகிறது. ஓட்டையை அடைக்க அடைக்க ஈரம் கூடும், குறையாது.

செய்ய வேண்டியது இது. வடக்கு வலையைத் தவிர, கோழி உட்காரும் கம்பின் உயரத்துக்குக் கீழே சுவரில் எந்த இடுக்கும் இருக்கக் கூடாது. கோழியின் தலைக்குக் குறைந்தது 30 செண்டிமீட்டர் மேலே, கூரை ஓரமாக, எதிரெதிர்ச் சுவர்களில் நீளவாக்கில் 10 முதல் 15 செண்டிமீட்டர் உயரத் திறப்பு விடுங்கள். அதை ஆண்டு முழுவதும் மூடக் கூடாது. 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள, வெல்டிங் செய்த கம்பி வலையால் அடித்தால் எலியும் புனுகுப்பூனையும் வராது. சாதாரணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். வெளியே இருப்பதைத் தடுக்காது.

அடுத்து, தகரத்துக்கு அடியில் 5 செண்டிமீட்டர் இடைவெளி விட்டு ப்ளைவுட்டாலோ பழைய சீலிங் பலகையாலோ ஒரு உள்கூரை அடியுங்கள். பளபளவென்ற ஃபாயில் விரிப்பும் உதவும். தெர்மகோல் வைப்பதானால் பலகைக்கு மேலே மறைத்து வையுங்கள். கண்ணில் பட்டால் கோழி கொத்தித் தின்றுவிடும்.

காற்றோட்டம் சரியா என்று பார்க்கச் சாமி அறையிலிருந்து ஒரு ஊதுபத்தி போதும். கோழி அடையுமுன், கம்பின் உயரத்தில் பத்தியைப் பிடியுங்கள். புகை நேராக எழும்பி, மேல் திறப்பை நோக்கி வளைந்தால் நல்லது. கம்பு மட்டத்திலேயே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனால் அங்கே ஊதல் இருக்கிறது. இடுக்கைத் தேடி அடையுங்கள். மேலே போய் அங்கேயே தேங்கி நின்றால் திறப்பு போதவில்லை. கையில் நெருப்பு, காலடியில் மரச்சீவல் என்பதை மறக்க வேண்டாம்.

கூட்டில் கண் எரிகிறது. இது கோழிக்கு ஆகுமா?

ஆகாது. எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அது கோழியின் மூச்சுக்குழலில் தூசியை வெளியே தள்ளும் நுண்மயிர்களைக் கெடுக்கும். பிறகு சளி, கண்வீக்கம், மைக்கோப்பிளாஸ்மா எனும் மூச்சு நோய்க் கிருமி எல்லாம் சுலபமாக உள்ளே வரும். நின்றுகொண்டு மோந்து பார்த்தால் தெரியாது. காலையில் கதவைத் திறந்தவுடன் குந்தி உட்கார்ந்து, கோழி மூக்கின் உயரத்தில் மூச்சிழுத்துப் பாருங்கள். நெடி வந்தால் அன்றைக்கே ஈரப் படுக்கையை வாரிப் போட வேண்டும். மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தூவி ஒப்பேற்றுவது நோயை விட்டுவிட்டு வாடையை மட்டும் மறைக்கிற வேலை.

படுக்கைக்கு என்ன போடுவது, எவ்வளவு?

பைன் மரச்சீவல்தான் முதல் தேர்வு. சூரியகாந்தி உமி கிடைத்தால் அதுவும் நல்லது. மருந்தடித்த மரத்தின் தூளும், நுண்ணிய மாவுத் தூளும் வேண்டாம். வைக்கோல் ஈரத்தை உறிஞ்சாமல் பாயாகப் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

மே மாதத்தில் கூட்டைச் சுத்தமாக்கி 10 செண்டிமீட்டர் பரப்புங்கள். வாரம் ஒருமுறை முள்வாரியால் கிளறுங்கள். கைப்பிடி மீலி (மக்காச்சோளம்) வீசினால் அந்த வேலையைக் கோழிகளே செய்துவிடும். 2 வாரத்துக்கு ஒருமுறை மேலே 2, 3 செண்டிமீட்டர் புதுச் சீவல் சேருங்கள். ஒரு பிடி அள்ளிக் கையில் இறுக்குங்கள்: லேசாக ஒட்டி, கையைத் திறந்ததும் உதிர வேண்டும். கொழுக்கட்டை போல் பிடித்த பிடியாக நின்றால் ஈரம் அதிகம். ஒட்டவே ஒட்டாமல் தூசி கிளம்பினால் மிகையாகக் காய்ந்திருக்கிறது. கம்புக்கு நேர் கீழே ஒரு பலகை வைத்து, இரவு எச்சத்தைத் தினமும் காலையில் வழித்தெடுத்துவிட்டால் பாதி ஈரம் படுக்கைக்கே வராது. ஆகஸ்ட் கடைசியில் மொத்தத்தையும் வாரி மூலையில் குவித்து மட்கவிட்டால், வெண்டைக்கும் மிளகாய்க்கும் உரம்.

உட்காரும் கம்பு உருண்டையாக இருக்கலாமா?

9 செண்டிமீட்டர் அகலமுள்ள பட்டை மரத்தைத் தட்டையாகப் போடுங்கள். அப்போதுதான் விரல்கள் நெஞ்சிறகுக்குள் மறையும். இரும்புக் குழாய் காலின் சூட்டை உறிஞ்சிவிடும். ஒரு கோழிக்கு 20 முதல் 25 செண்டிமீட்டர் நீளம் போதும். முட்டைப் பெட்டியைவிடக் கம்பு உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பெட்டியிலேயே படுத்து எச்சமிட்டு வைக்கும்.

ஹீட் லாம்ப் மாட்டலாமா?

வளர்ந்த கோழிகளுக்கு வேண்டாம். 250 வாட் சிவப்பு விளக்கு, காய்ந்த மரச்சீவல், பறக்கும் இறகுத் தூசி, கம்பியில் ஏறி உட்காரும் கோழி இவை ஒரே அறையில் இருந்தால் தீப்பிடிக்க வேறெதுவும் தேவையில்லை. இன்னொரு சிக்கல், மின்சாரம். விளக்குச் சூட்டுக்குப் பழகிய கோழியை நள்ளிரவில் மின்வெட்டு திடீரென்று உறைபனிக்குள் தள்ளும். பழகாத கோழிக்கு அந்த அதிர்ச்சி கிடையாது.

பாரஃபின் அடுப்பும், ஓட்டை போட்ட டின்னில் நிலக்கரி எரிக்கும் இம்பாவுலாவும் உள்ளே வரவே கூடாது. அவை விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையில்லை. காலையில் கோழிகள் எல்லாம் கம்புக்குக் கீழே கிடக்கும். பார்க்க உள்ளே போகிறவருக்கும் ஆபத்து.

ஸ்வெட்டர்?

வேண்டாம். இறகை அமுக்கி உப்பவிடாமல் செய்யும். அடியில் பேன் குடியேறும்.

காலையில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது.

இருட்டில் கோழி குடிக்காது. அதனால் இருட்டியதும் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து, கவிழ்த்து, வீட்டுக்குள் வையுங்கள்; கூட்டில் ஈரமும் குறையும். காலை ஆறரை மணி வாக்கில் கை பொறுக்கும் சூட்டில் நீர் ஊற்றி வெளியே வையுங்கள். டயர் ரப்பரில் செய்த கறுப்புத் தொட்டி இதற்கு வசதி: வெயிலில் சீக்கிரம் சூடேறும், பனிக்கட்டி பிடித்தாலும் திருப்பித் தட்டினால் கழன்று விழும், உடையாது. வடக்குச் சுவரோரம் வெயில் விழும் இடத்தில் வையுங்கள். கோழி கொத்தினால் சொட்டும் நிப்பிள் குழாய்கள் முதலில் உறையும், கண்ணுக்கும் தெரியாது. கோழி கொத்திக்கொண்டே தாகத்தில் நிற்கும். தோட்டக் குழாயின் நீரை முந்தின மாலையே வடித்துவிட்டால் காலையில் குழாய் அடைக்காது.

உறையாமலிருக்க உப்புப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது, கோழிக்கு உப்பு விஷமாகிவிடும். அரை நாள் தண்ணீர் இல்லாவிட்டாலே தீனி குறையும். அடுத்த சில நாள் முட்டையும் குறையும்.

ஏப்ரலுக்குப் பிறகு முட்டை நின்றுவிட்டது. குளிரா காரணம்?

வெளிச்சம்தான் காரணம். பெட்டை நன்றாக முட்டையிட ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். ஜூன் 21 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் கிடைப்பது சுமார் பத்தரை மணி நேரம். போதாதற்கு மார்ச் முதல் மே வரை ஒரு வயது தாண்டிய கோழிகள் இறகு உதிர்க்கும். அந்த 2, 3 மாதம் உடம்பிலுள்ள புரதமெல்லாம் இறகுக்குப் போய்விடும். இறகில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புரதம்தான்.

ஓய்வு எடுக்கட்டும் என்று விட்டுவிடுவது ஒரு வழி. ஏழெட்டுக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு அதுவே நல்லது என்பது எங்கள் எண்ணம். முட்டை வேண்டும் என்றால் விளக்குப் போடலாம், ஆனால் முறையாக. 3 மீட்டருக்கு 3 மீட்டர் கூட்டுக்கு மஞ்சள் ஒளி தரும் 5 வாட் எல்.இ.டி. போதும். வெளிச்சத்தை மாலையில் நீட்டாமல் விடியலுக்கு முன் கூட்டுங்கள். மாலையில் விளக்கு சட்டென்று அணைந்தால் கோழிகள் கம்பேற முடியாமல் தரையில் தடுமாறும். வாரத்துக்கு அரை மணியாக முன்தள்ளி, ஜூனில் அதிகாலை மூன்றரைக்கு எரியும்படி கொண்டுவாருங்கள். மாலை ஐந்தரைக்கு இருட்டுவதால் 14 மணி நேரம் ஆகிவிடும். 16 வாரத்துக்குக் குறைந்த இளம்பெட்டைகளுக்கு வேண்டாம். உடம்பு தேறுமுன் முட்டையிடத் தொடங்கினால் முட்டைவாய் பிதுங்கும்.

டைமரில் ஒரு கண் இருக்கட்டும். முள் சுற்றும் டைமர் மின்வெட்டில் நின்றுவிடும். 4 மணி நேரம் மின்சாரம் போனால் மறுநாள் விளக்கு 4 மணி நேரம் தாமதமாக எரியும். 2023-இல் லோட்ஷெடிங் ஏறக்குறைய நாள்தோறும் இருந்தபோது பல வீட்டுக் கோழிகள் நடுக்குளிரில் மறுபடி இறகு உதிர்க்க இப்படிக் கலைந்த வெளிச்சமும் ஒரு காரணம். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரோ, சூரிய ஒளி விளக்கோ வாங்குங்கள்.

குளிருக்குத் தீனியை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம், கூட்டுங்கள். முட்டைக்கோழித் தீவனம், 16 சதவீதப் புரதமும் மூன்றரை முதல் 4 சதவீதக் கால்சியமும் உள்ளது, ஒரு கோழிக்கு நாளைக்கு 110 முதல் 120 கிராம். குளிரில் பத்துச் சதவீதம் கூடுதலாகத் தின்னும்; தட்டைக் காலியாக விடாதீர்கள். அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பத்துக் கோழிக்கு ஒரு டம்ளர், அதாவது 150 கிராம், உடைத்த மீலி வீசுங்கள். இரவு முழுக்க மெல்லச் செரித்துச் சூடு தரும். கம்பில் ஏறிய பிறகு நெஞ்சுக்கு மேலே வலப்பக்கம் தடவிப் பாருங்கள். தின்றது முதலில் தங்கும் இரைப்பை அங்கே எலுமிச்சைப் பழம் போல் நிறைந்திருக்க வேண்டும்.

சூடு தருகிறதே என்று மீலியையே முழுத் தீனியாக்குவது பரவலான தப்பு. அதில் புரதம் 8, 9 சதவீதம்தான். கொழுப்பு சேரும், முட்டை நிற்கும், இறகை ஒன்றையொன்று பிடுங்கும். பூசணம் பிடித்த மீலி இன்னும் மோசம். அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

இறகு உதிர்க்கும் கோழிக்கு வாரம் 2 முறை டின் மீன் கொடுக்கலாம். மிளகாய்ச் சாறு இல்லாததாகப் பார்த்து, கழுவிப் பிசைந்து, கோழிக்கு ஒரு தேக்கரண்டி. ஆடியில் அம்மனுக்கு ஊற்றிய கஞ்சி மிஞ்சினால் கொஞ்சம் போடலாம். அரை மணியில் தின்றதுபோக மீதியை எடுத்துவிடுங்கள். ஈரக் கஞ்சி இரவில் உறைந்து, பகலில் புளித்து, எலியையும் அழைத்துவரும்.

கொண்டை நுனி கறுத்துவிட்டது.

உறைபனிக் கடி. லெக்ஹார்ன் போன்ற பெரிய ஒற்றைக் கொண்டைக்கும் சேவலின் தாடிக்கும்தான் அதிகம் வரும். முதலில் வெளுக்கும், பிறகு வீங்கும், கடைசியில் கறுத்துக் காயும். தேய்க்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள், கறுத்ததை வெட்டாதீர்கள். வீட்டுக்குள் சாதாரண அறையில் மெதுவாகச் சூடேறட்டும். கறுத்த பகுதி சில வாரத்தில் தானே உதிரும். அதுவரை அடியிலுள்ள சதைக்கு அதுதான் மூடி. சீழோ நாற்றமோ வந்தால் கால்நடை மருத்துவர். வாசலின் (Vaseline) களிம்பு பூசுவது ஓரளவுக்கே உதவும். கூட்டின் ஈரத்தைப் போக்காமல் வாசலின் மட்டும் தடவினால் அடுத்த வாரமும் இதே கேள்விதான்.

ஆகஸ்ட் காற்றுக்கு என்ன செய்வது?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது ஹைவெல்டிலும் மெய். தகரத்தை ஆணிக்குப் பதில் வாஷர் வைத்த திருகாணியால் பிடியுங்கள். கோழிகள் உலாவும் வலைப் பகுதியின் தென்மேற்கில், கோழி உயரத்துக்கு, 60 செண்டிமீட்டர் நிழல்வலையோ பலகையோ கட்டினால் போதும். மேலே திறந்தே இருக்கட்டும். தூசியால் கண் நீர் வடிந்தால் வெறும் தூசியா நோயா என்று பிரித்துப் பாருங்கள்: தூசி என்றால் காற்று நின்ற மறுநாள் சரியாகிவிடும்.

தும்மல், பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கு, திடீர்ச் சாவு. சளிதானே?

இல்லை. இவை வெள்ளைக்கழிச்சல் எனும் நியூகாசில் நோயாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 1984-ஆம் ஆண்டு விலங்கு நோய்ச் சட்டப்படி இரண்டையும் அரசுக் கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கோழியை விற்கவோ, அறுக்கவோ, உறவினர் வீட்டுப் பூசைக்குக் கொடுக்கவோ கூடாது. 2017-இல் எச்5என்8, 2023-இல் எச்7என்6 என்று பறவைக் காய்ச்சல் இந்நாட்டுக் கோழிகளை வாரிக்கொண்டு போயிருக்கிறது. தீனியையும் தண்ணீரையும் கூரைக்கடியில் வைத்தால் ஹடிடா எனும் அரிவாள்மூக்கனும் புறாவும் பங்குக்கு வராது.

நியூகாசிலுக்குத் தடுப்பு மருந்து உண்டு. லா சோட்டாவைத் தண்ணீரில் கொடுப்பதானால், முதலில் 2 மணி நேரம் தண்ணீரை எடுத்துவிடுங்கள். குழாய்நீரின் குளோரின் மருந்தைக் கொன்றுவிடும் என்பதால் லிட்டருக்கு 2 கிராம் கொழுப்பு நீக்கிய பால்தூள் கலந்து, பிறகு மருந்தைச் சேருங்கள். 2 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கிற அளவே கரைக்க வேண்டும். குப்பி அதுவரை குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும். வெளியே குளிர்தானே என்று காரில் வைத்துவிடாதீர்கள்.

பூசைக்காகச் சாலையோரம் உயிர்க்கோழி வாங்கி, ஒரு வாரம் வீட்டுக் கோழியோடு அடைத்து வைக்கும் பழக்கம்தான் நோய் நுழையும் பெரிய வாசல். தனிக் கூண்டு, தனிப் பாத்திரம், தனிச் செருப்பு. வீட்டிலேயே வளர்க்கப்போவதானால் 30 நாள்.

குளிரில் பேன் இருக்காது அல்லவா?

சிவப்புச் செல் எனும் இரத்தம் குடிக்கும் நுண்பூச்சி குறையும். பேனும் வடக்கத்திக் கோழிச்செல்லும் குளிரில்தான் பெருகும். இரவில் டார்ச் அடித்து எச்சவாயைச் சுற்றி இறகைப் பிரித்துப் பாருங்கள். இறகடியில் வெள்ளைக் கட்டியாக ஒட்டியிருப்பது பேன் முட்டை. கறுத்த அழுக்காக இருந்தால் செல். கூரைக்கடியில் ஒரு தொட்டியில் காய்ந்த மணலும் விறகுச் சாம்பலும் கலந்து 20 செண்டிமீட்டர் ஆழத்துக்கு வையுங்கள், கோழி தானே புரளும். நிலக்கரிச் சாம்பல் வேண்டாம்.

ஜூலையில் அடை வைக்கலாமா?

வைக்கலாம், வீண் சிரமம். குஞ்சுக்கு முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். வாரம் 3 டிகிரியாகக் குறைத்து, 6 வாரத்தில்தான் வெளியே விட முடியும். ஆகஸ்ட் நடுவில் அடை வைத்தால் 21 நாளில், செப்டம்பர் தொடக்கத்தில், பொரிக்கும். அப்போதும் அவசரப்பட வேண்டாம். 2024 செப்டம்பர் 20 வாக்கில் வான் ரீனன்ஸ் கணவாயில் பனி கொட்டி, ஜோஹன்னஸ்பர்க்கையும் டர்பனையும் இணைக்கும் என்3 சாலையே அடைபட்டது. அக்டோபர் நடுவரை, ராத்திரியில் குஞ்சுகள் உள்ளேயே இருக்கட்டும்.